உடும்பின் வாலும் மாளிகையின் முகப்பும்

காஞ்சீபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் மார்க்கத்தில், செய்யாற்றின் கரையில் அமைந்த எங்கள் மாகறலுக்கு, திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற ஸ்தலம் என்னும் பெருமையோடு, வேறு ஊர்களுக்கு எளிதில் வாய்க்காத ஒரு விசித்திரமும் உண்டு. இங்கே கோயில் கொண்டுள்ள திருமாகறலீசுவரர் உடும்பின் வால் வடிவினராக எழுந்தருளியிருக்கிறார். சோழ மன்னன் ஒருவன் பொன்னிறமானதோர் உடும்பைத் துரத்தி வந்ததாகவும், அது புற்றுக்குள் புகுந்துகொள்ள, ஏவலர் மண்ணை வெட்டியபோது வாலில் காயம்பட்டு உதிரம் பெருகியதாகவும், அதன் பின்னரே இறைவன் தன்னை வெளிப்படுத்தியதாகவும் ஸ்தல புராணம் கூறும். சிறுவனாக இருந்த காலத்தில், பாட்டியின் முந்தானையைப் பற்றிக்கொண்டு சந்நிதியில் நின்ற நான், "வால் இங்கே இருக்கே, உடம்பு எங்கே பாட்டி?" என்று கேட்டதும், அவள் கற்பூர ஒளியை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "மண்ணுக்குள்ளே இருக்குடா" என்று பதில் சொன்னதும் இன்றும் நினைவில் நிற்கின்றன. அறுபது வருஷங்களுக்குப் பிறகு, கடல் கடந்த ஒரு தேசத்தின் மாளிகையைப் பற்றிச் சிந்திக்கும்படி நேர்ந்தபோது, அந்தப் பதிலே எனக்குத் துணையாக வந்தது.

சென்னையில் கட்டிடக்கலை பயிலும் என் தங்கை மகன், சென்ற விடுமுறைக்கு ஊருக்கு வந்தவன், திண்ணையில் பெரிய காகிதங்களை விரித்து, இங்கிலாந்து தேசத்துக் கிராமப்புற மாளிகை ஒன்றின் வரைபடத்தைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தான். நடுவே உயர்ந்த முகப்பு, இருபுறமும் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்ப்பது போன்ற சிறகுகள், எண்ணி வைத்தாற்போல் ஜன்னல்கள், சுற்றிலும் பரந்த புல்வெளி என்று பார்ப்பதற்கு ரம்மியமாகவே இருந்தது. "லண்டனுக்கு வடக்கே, ஹார்ட்ஃபோர்ட்ஷயர்ல இருக்கு மாமா. உட்ஹால் பார்க்னு பேரு. இப்போ உள்ளே ஒரு பள்ளிக்கூடம் நடக்குது. தாமஸ் லெவர்ட்டன்னு ஒருத்தர் 1777-ல வடிவமைச்சது" என்றான். "யாருக்காகக் கட்டினார்கள்?" என்று கேட்டேன். புத்தகத்தைப் புரட்டி, "சர் தாமஸ் ரம்போல்ட்" என்று படித்தான். அந்தப் பெயரைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனெனில், அந்த மனிதர் நமக்கு அந்நியர் அல்லர். 1778 முதல் 1780 வரை சென்னைப் பட்டணத்தின் கவர்னராக இருந்து, நம் சீமையின் தலையெழுத்தைத் தம் பேனா முனையில் வைத்திருந்தவர்.

முதலில் அந்தக் கட்டிடக்கலையின் சிறப்பை உள்ளபடி ஒப்புக்கொள்ளுதல் நியாயம். இத்தாலி தேசத்தில் 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆந்திரேயா பல்லாடியோ என்னும் சிற்பி, பண்டைய ரோமாபுரிக் கோயில்களின் தூண் வரிசையையும் முக்கோண முகட்டையும் பண்ணை முதலாளிகளின் வீடுகளுக்கு முகமாகப் பொருத்தி, நீள அகல உயரங்களுக்குள் சங்கீதத்தின் சுருதி போன்றதொரு கணக்கு இருக்க வேண்டுமென்று விதித்து, 1570-இல் நான்கு பாகங்கள் கொண்ட நூலாக அதை வெளியிட்டார். அந்த நூல் 17-ஆம் நூற்றாண்டில் இனிகோ ஜோன்ஸ் என்பவரால் இங்கிலாந்துக்குச் சென்று, 18-ஆம் நூற்றாண்டில் பிரபு வம்சத்தாருக்கு ஏறக்குறைய ஆகமம் போலவே ஆகிவிட்டது. நம் ஸ்தபதிகள் மானசாரத்தையும் மயமதத்தையும் கொண்டு கர்ப்பக்கிருகத்துக்கும் விமானத்துக்கும் அளவு கூறுவதைப் போல, அவர்களும் கூடத்தின் அகலத்திலிருந்து கதவின் உயரத்தையும், கதவின் உயரத்திலிருந்து தூணின் பருமனையும் கணித்தார்கள். உட்ஹாலின் உள்ளே, அக்காலத்துச் சித்திர அச்சுப் பிரதிகளை நூற்றுக்கணக்கில் கத்தரித்துச் சுவர் முழுவதும் ஒட்டி, அவற்றுக்குச் சட்டமும் நாடாவும் பூமாலையும் இருப்பது போன்ற தோற்றத்தையும் காகிதத்திலேயே செய்து அமைத்த அறையொன்று உண்டு. 1782-இல் நிறைவுற்ற அவ்வறை அவ்வகையில் அத்தேசத்திலேயே சிரேஷ்டமானவற்றுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. ரசனையில்லாதவன் இவற்றைச் சிருஷ்டித்திருக்க முடியாது.

ஆயினும், அந்த மாளிகைகளின் வரைபடங்களைச் சற்று ஊன்றிப் பார்க்கிறவர்களுக்கு, அழகுக்கு நிகராக மற்றொரு சாமர்த்தியமும் அவற்றில் புலப்படும். அது மறைத்தல் என்னும் சாமர்த்தியம். விருந்தினர் ஏறும் விசாலமான படிக்கட்டுக்குப் பின்னே, சுவரின் மறைவில், கரியும் வெந்நீரும் அழுக்குத் துணியும் சுமக்கும் வேலைக்காரர் ஏறி இறங்குவதற்கென்று ஒரு குறுகிய படிக்கட்டு இருக்கும். சமையற்கட்டின் வாசனை எஜமானரின் நாசியை எட்டாதிருக்கும்பொருட்டு, அது நிலவறையிலோ தூரத்துச் சிறகிலோ ஒதுக்கப்பட்டிருக்கும். புல்வெளியின் எல்லையில் வேலி கண்ணுக்குத் தெரிந்தால் காட்சி கெடுமென்று, வேலிக்குப் பதிலாக ஆழமான பள்ளம் ஒன்றை வெட்டி, ஆடுமாடுகள் தோட்டத்துக்குள்ளேயே மேய்வது போலத் தோன்றினும் உள்ளே வர இயலாதபடி செய்து, எதிர்பாராமல் அதைக் கண்டவர் வாய்விட்டுக் கூவும் ஒலியையே அதற்குப் பெயராக்கி, 'ஹா-ஹா' என்று அழைத்தார்கள். உழைப்பு நடக்க வேண்டும். ஆனால் கண்ணில் படக் கூடாது. பூமியிலிருந்து வருமானம் வர வேண்டும். ஆனால் பூமி சித்திரம் போலவே தோன்ற வேண்டும் என்பதே அந்தச் சிற்ப சாஸ்திரத்தின் எழுதப்படாத சூத்திரம். வேலைக்காரனின் படிக்கட்டை மறைத்த அக்கலை, ஐசுவரியம் வந்த வழியை மட்டும் எங்ஙனம் காட்டும்?

அவ்வழியை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ரம்போல்ட் பாட்னாவிலும் பிறகு சென்னையிலும் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் திரட்டிய செல்வம் உட்ஹாலுக்குச் சென்றது. அவர் இங்கே ஜார்ஜ் கோட்டையில் கொலுவிருந்த காலத்திலேயே அவருடைய வீடு அங்கே எழுந்துகொண்டிருந்தது. 1780 ஏப்ரலில் அவர் கப்பலேறினார். மூன்றே மாதங்களில் ஹைதர் அலியின் சேனை கர்நாடகச் சீமைக்குள் இறங்கியது. செப்டம்பர் 10-ஆம் தேதி, காஞ்சீபுரத்துக்கு அருகிலுள்ள புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை முற்றிலும் நாசமாயிற்று. காஞ்சீபுரத்திலேயே தங்கியிருந்தும் பெய்லிக்கு உதவ இயலாது போன ஜெனரல் ஹெக்டர் மன்றோ, தம் கனத்த பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டை நோக்கிப் பின்வாங்கினார். மறு வருஷம் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த அதே மன்றோ, ஸ்காட்லாந்தில் தம் எஸ்டேட்டை அடுத்த ஃபைரிஷ் குன்றின்மேல், நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலின் சாயலில் கல் வளைவுகளை எழுப்பினார். அவை இன்றும் மேகத்தைத் துழாவி நிற்கின்றன. நாகப்பட்டினத்தின் நினைவு குன்றின்மேல் ஏறிற்று. காஞ்சீபுரத்துக் குளத்தின் நினைவுக்கு அங்கே இடமில்லை. வெற்றியைக் கல்லில் எழுதுவதும் தோல்வியை நீரில் எழுதுவதும் மனித சுபாவந்தானே.

ரம்போல்டின் மேல் இங்கிலாந்துக் காமன்ஸ் சபையில் ஊழல் குற்றச்சாட்டு எழுந்து, அவரைத் தண்டிப்பதற்கென்றே ஒரு மசோதா 1782-இல் கொண்டுவரப்பட்டுப் பிறகு கைவிடப்பட்டது. சுவரில் சித்திரங்கள் ஒட்டி முடிந்த வருஷமும் அதுவே. அவர் மறைந்தபின் 1794-இல் அந்த மாளிகையை விலைக்கு வாங்கி விஸ்தரித்தவர் யார் என்பதை அறிந்தால், விதி எத்தனை சமத்காரமாகக் கதை புனைகிறது என்று வியக்கத் தோன்றும். அவர் பெயர் பால் பென்ஃபீல்ட். சென்னைக்கு வந்தபோது அவரும் கட்டிட வேலைக்காரர். சேப்பாக்கத்தில் ஆற்காட்டு நவாபின் அரண்மனையை நிர்மாணித்தவர் அவரே என்று சரித்திரகாரர் பலர் கருதுகின்றனர். கம்பெனியில் அவருக்குக் கிடைத்த சம்பளமோ வருஷத்துக்குச் சில நூறு பவுன். அவரோ நவாப் முகமது அலிக்கே கடன் கொடுக்கும் தனவந்தராகி, தஞ்சாவூர் ராஜ்யத்தின் வரி வருமானத்திலும் விளைச்சலிலும் இரண்டு லட்சம் பவுனுக்கு மேல் தமக்குப் பாத்தியதை உண்டென்று 1776-இல் வழக்காடினார். அந்தத் தஞ்சாவூர் விவகாரத்தையொட்டி மூண்ட பூசலில் கவர்னர் பிகட் பிரபுவையே அவருடைய சொந்தக் கவுன்சிலர்கள் சிறைப்படுத்த, அவர் காவலிலேயே உயிர்துறந்தார். 1785-இல் எட்மண்ட் பர்க் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிப் பார்லிமெண்டில் நிகழ்த்திய நெடும் பிரசங்கத்தில் பென்ஃபீல்டின் பெயர் மறக்க முடியாதபடி வெளிப்பட்டது.

கடன் என்ற சொல்லைக் கேட்டு, நவாபு வாங்கினார், நவாபு கொடுத்தார் என்று எண்ணிவிடலாகாது. வட்டிக்கு மேல் வட்டி ஏறிய அப்பத்திரங்களுக்கு ஈடாக ஜில்லா ஜில்லாவாக நில வருமானம் எழுதிக்கொடுக்கப்பட்டது. களத்துமேட்டில் குடியானவன் தூற்றிய நெல்லில் பிடிக்கப்பட்ட பங்கே, பல கை மாறி, கடைசியில் லண்டனில் பவுனாக உருமாறியது. மாளிகையின் எந்தச் செங்கல்லுக்கு எந்தக் கிராமத்தின் கிஸ்தி சென்றதென்று பிரித்துக் காட்ட எவராலும் இயலாது. பணத்துக்கு ஊர்ப்பெயர் இல்லை என்பதே மறைத்தலுக்குப் பேருதவி. பென்ஃபீல்டும் அந்த வீட்டில் நெடுங்காலம் வாழ்ந்தாரில்லை. வியாபாரத்தில் நொடித்து, வீட்டையும் இழந்து, 1810-இல் பாரிஸில் ஏழையாக மாண்டார். ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் புல்வெளிக்கு நடுவே நிற்பது வால் மட்டுமே. அதன் உடம்பு செங்கற்பட்டிலும் தஞ்சாவூரிலும் ஆற்காட்டிலும் மண்ணுக்குள் கிடக்கிறது.

சென்ற பண்டம் திரும்பியும் வந்தது என்பது இக்கதையின் மறுபாதி. கோட்டைச் சுவருக்குள் நெருக்கியடித்து வாழ்ந்த வெள்ளைக்கார வர்த்தகர்கள், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மௌண்ட் ரோட்டின் இருமருங்கிலும் அடையாற்றின் கரையிலும் ஏக்கர் கணக்கில் நிலம் பெற்று, ஊரில் விட்டுவந்த மாளிகைகளின் நிழல்களாகத் 'தோட்ட வீடு'களை எழுப்பினார்கள். 1790-களில் அடையாற்றங்கரையில் ஜேம்ஸ் பிராடி கட்டிய 'காசில்' இன்று 'தென்றல்' என்ற பெயருடன் இசைக்கல்லூரியாக விளங்குகிறது. அதைக் கட்டியவரோ அதே ஆற்றில் படகு விபத்தில் மூழ்கி மாண்டார். மௌப்ரே என்பவர் குவிமாடத்துடன் கட்டிய தோட்ட வீடு சென்னை கிளப்பின் இருப்பிடமாயிற்று. இவற்றின் வரைபடம் பல்லாடியோவினுடையது. ஆனால் கையும் பொருளும் நம்முடையவை. கல் தூணுக்குப் பதிலாகச் செங்கல் தூண். அதன்மேல், கடல் சிப்பியைச் சுட்டெடுத்த சுண்ணாம்பை நாள்கணக்கில் புளிக்கவைத்து, முட்டையின் வெண்கருவும் தயிரும் வெல்லநீரும் சேர்த்தரைத்துப் பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றும் நம் கொத்தர்களின் கைத்திறனால், பளிங்கோ என்று சீமைக்காரர்களே பிரமித்தார்கள். மேலே 'மெட்ராஸ் டெரஸ்' என்று பேர் பெற்ற தளம்: தேக்கு உத்தரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துக்கல்லாகக் கோணத்தில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, கடுக்காய் நீர் தெளித்து, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கிய அந்தத் தளத்தின் கீழே நிற்பவனுக்குச் சித்திரை வெயிலின் கொடுமை தெரியாது. நம் வெயிலுக்காக அகன்ற தாழ்வாரம் சேர்ந்தது. ஜன்னல்களில் வெட்டிவேர்த் தட்டி தொங்கிற்று. அந்நியன் வரைந்த கோட்டுக்குள் நம்மவன் உயிரை ஊதினான்.

அத்தகைய வீடொன்றில், பல வருஷங்களுக்கு முன், நான் குமாஸ்தாவாகக் கொஞ்ச காலம் உத்தியோகம் பார்த்திருக்கிறேன். பெரிய கூடத்தைப் பலகைகளால் தடுத்து அறைகளாக்கியிருந்தார்கள்; தூண்களின்மேல் வருஷா வருஷம் மஞ்சள் டிஸ்டெம்பர் பூசி, அது அப்பளம்போல் உதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு நாள் மத்தியானம், என் மேஜைக்குப் பின்னாலிருந்த தூணில் அப்படி உதிர்ந்த இடத்தை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்தேன். ஏழெட்டுச் சாய அடுக்குகளுக்கு அடியில், உள்ளங்கையளவு பரப்பில், பால்போல் வெளுத்த, விரல் வைத்தால் குளிர்ந்த, என் முகத்தின் நிழலைக்கூட லேசாகக் காட்டிய பழைய சுண்ணாம்பு மெருகு வெளிப்பட்டது. அதைத் தேய்த்த கொத்தனின் பெயர் எந்த ஏட்டிலும் இராது. ஆயினும் அவன் கை அங்கே இருந்தது. அந்த வீட்டை 'வெள்ளைக்காரன் வீடு' என்று அன்றோடு சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

இந்த இடத்தில் இரு கட்சியார் வாதாடுவதைக் கேட்கிறோம். கொள்ளையடித்த பொருளால் ஆன வீடுகளுக்கு நாம் ஏன் காவல் இருக்க வேண்டும் என்று ஒரு சாரார் கேட்கின்றனர். கலையைக் கலையாகப் பார்ப்பதை விட்டு, இருநூறு வருஷத்துப் பழங்கணக்கை ஏன் கிளற வேண்டும் என்று மறு சாரார் சலித்துக்கொள்கின்றனர். முதல் கட்சியாருக்கு விடை ராஜாஜி மண்டபமே. திப்பு சுல்தானின் வீழ்ச்சியைக் கொண்டாடுவதற்காக, ராபர்ட் கிளைவின் குமாரர் எட்வர்ட் கிளைவ் கவர்னராக இருந்த காலத்தில், கோல்டிங்காம் என்பவர் கிரேக்கக் கோயிலின் சாயலில் கட்டி 1802-இல் முடித்த விருந்து மண்டபம் அது. திப்புவின் கூடாரம் முதலியவை கிளைவின் குடும்பத்தாரோடு கப்பலேறி வேல்ஸ் தேசத்துப் போயிஸ் மாளிகையில் இன்றும் காட்சிக்கு இருக்கின்றன. ஆனால், துரைகளும் துரைசானிகளும் நடனமாடிய அந்த மண்டபத்தின் அகன்ற படிகளில்தான், 1969-இல் அண்ணாவுக்கும், 1987-இல் எம்.ஜி.ஆருக்கும், 2016-இல் ஜெயலலிதாவுக்கும், 2018-இல் கருணாநிதிக்கும் லட்சோபலட்சம் ஜனங்கள் கடைசி அஞ்சலி செலுத்தினார்கள். எவனோ எதற்காகவோ கட்டிய படிகளைத் தங்கள் கண்ணீரால் ஜனங்கள் சுவாதீனப்படுத்திக்கொண்ட பிறகு, அது யாருடைய கட்டிடம்? அதன் பக்கத்திலேயே நின்ற பழைய கவர்மெண்ட் மாளிகையோ, புதிய சட்டமன்றக் கட்டிடத்துக்காக இடிக்கப்பட்டது. 2010-இல் திறக்கப்பட்ட அக்கட்டிடமும் சில வருஷங்களில் ஆஸ்பத்திரியாக மாறியது. ஆஸ்பத்திரி நல்லதே, ஆனால் இடித்தது இடித்ததுதான்.

இரண்டாவது கட்சியாருக்கு விடை இங்கிலாந்திலிருந்தே வருகிறது. 1895-இல் தோன்றிய 'நேஷனல் டிரஸ்ட்' என்னும் ஸ்தாபனம், வரிச்சுமை தாளாமல் பிரபுக்கள் கைவிட்ட மாளிகைகளை 1930-களிலிருந்து ஏற்றுப் பரிபாலித்து வருவது. அந்த ஸ்தாபனமே 2020-இல், தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்கு அடிமை வியாபாரத்தோடும் குடியேற்ற ஆட்சியோடும் இருந்த சம்பந்தத்தை விவரித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அதற்காக அத்தேசத்திலேயே பெருங்கூச்சல் எழுந்தது. எனினும், ஒரு மாளிகையும் அதனால் இடிந்து விழுந்துவிடவில்லை; பார்க்க வருகிறவர்கள் மேலும் ஒரு வாசல் வழியாக உள்ளே வந்தார்கள் என்பதே பலன். கட்டிடத்தைக் காப்பதென்றால் அதன் கணக்கையும் சேர்த்தே காக்க வேண்டும் என்பது என் துணிபு. கணக்கில்லாத கட்டிடம் வெறும் பகட்டு. கட்டிடமில்லாத கணக்கோ வெறும் புகார்.

இவ்வளவும் சொன்னபின், நான் சொல்லவந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம் ராஜ்யத்தில் 2012-இல் பாரம்பரியச் சின்னங்களுக்கென ஆணையம் அமைக்கச் சட்டம் செய்யப்பட்டது. அது நடைமுறைக்கு வரவே வருஷங்கள் பல சென்றன. சென்னைக்கென்று நீதிபதி பத்மநாபன் குழு தயாரித்த பட்டியலில் 467 கட்டிடங்கள் இடம்பெற்றன. நல்ல காரியம். ஆனால், நம் பட்டியல்களில் கோயில் வரும், கோட்டை வரும், கச்சேரி வரும், துரைமாரின் தோட்ட வீடு வரும், செட்டிநாட்டு மாளிகையும் இப்போது வருகிறது; தறி இருக்கும் வீடு வருவதைக் கண்டவர் அரிது. எந்தத் துணியை நாடிச் சீமையிலிருந்து கப்பல்கள் இக்கரைக்கு வந்தனவோ, அந்தத் துணி பிறந்த வீட்டுக்குப் பாரம்பரியம் இல்லையென்று யார் விதித்தார்கள்?

காஞ்சீபுரத்திலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் இன்னும் மிச்சமிருக்கும் பழைய நெசவாளர் வீட்டைச் சற்று உள்ளே சென்று பாருங்கள். அகலம் குறைந்து நீளம் மிகுந்த வீடு. திண்ணை, நடை, கூடம், முற்றம், சமையற்கட்டு, புழக்கடை என்று ஒரே நேர்க்கோட்டில் செல்லும். அதில் கூடத்தின் சிறந்த இடத்தை, நல்ல வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தை, மனிதர் எடுத்துக்கொள்வதில்லை, தறி எடுத்துக்கொள்கிறது. உட்கார்ந்து நெய்பவரின் கால்கள் இறங்குவதற்குத் தரையில் குழி, குழிக்குள் மிதி, எதிரே விழுதும் அச்சும், மடிக்கு அருகே நெய்த சேலை சுற்றிக்கொள்ளும் படமரம், தலைக்கு மேல் ஓட்டுக்கூரைக்கு நடுவே பதித்த இரண்டு கண்ணாடி ஓடுகள். கோர்வைச் சேலை நெய்யும்போது, உடலுக்கு ஒரு நாடாவும் இரு கரைகளுக்கு இரு நாடாக்களுமாக மூன்று ஓட, பக்கத்தில் துணையாள் ஒருவர் உட்கார்ந்து கரையின் நாடாவை வாங்கிக் கொடுப்பார்; அவருக்கும் சேர்த்தே கூடத்தின் அகலம் அளக்கப்பட்டிருக்கிறது. கோடையில் பட்டிழை உலர்ந்து அறுபடாமலிருக்க மண்தரையின் ஈரம் உதவுகிறது. தெரு நீண்டும் நேராகவும் இருப்பது ஊர்வலத்துக்காக மட்டுமன்று. விடியற்காலையில் பாவை நீளவாட்டில் இழுத்துக் கட்டி இழை திருத்துவதற்கு அத்தனை நீளம் வேண்டும். ஆகவே ஒரு வீட்டின் கலை வாசற்படியோடு முடிவதில்லை. தெருவே அதன் கடைசிக் கூடம்.

இங்கிலாந்து மாளிகையின் சாஸ்திரத்துக்கு இது நேர் விரோதமானது. அங்கே உழைப்பைப் பின்படிக்கட்டில் ஒளித்தார்கள். இங்கே உழைப்பைக் கூடத்தின் நடுவில் பிரதிஷ்டை செய்து, அதைச் சுற்றி வீட்டைக் கட்டினார்கள். கல்யாணத்துக்குப் பட்டெடுக்க வருகிறவரும், சொந்தக்காரரும், தபால்காரரும், தறியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். சௌந்தரியத்தில் இரண்டையும் ஒப்பிடுவது அபத்தம். ஆனால் நாணயத்தில் எது உயர்ந்ததென்று கேட்டால், எனக்குப் பதில் சொல்வதில் சிரமமில்லை.

இந்த வீடுகள் இப்போது ஒவ்வொன்றாக மறைகின்றன. மறைப்பவர்களை நான் குறை கூறமாட்டேன். மழைக்கு ஒழுகும் ஓட்டை மாற்ற ஆள் கிடைப்பதில்லை. குழந்தைகளுக்குத் தனியறை வேண்டும். கான்கிரீட்டு வீட்டுக்குக் கடன் கிடைக்கிறது, ஓட்டு வீட்டைப் பழுதுபார்க்கக் கிடைப்பதில்லை. பட்டுக்கூலியில் பாரம்பரியத்தையும் பராமரி என்று சொல்வது, பட்டினி கிடப்பவனை ஏகாதசி விரதத்துக்காகப் பாராட்டுவதைப் போன்றது. ஆகவே நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. பாரம்பரியப் பட்டியலில் நெசவுத் தெருக்களைத் தெருக்களாகவே சேர்க்கட்டும். ஓடு மாற்றவும் உத்தரம் மாற்றவும் சுலபத் தவணையில் கடன் கொடுக்கட்டும். கட்டிடக்கலைக் கல்லூரிகள் தங்கள் மாணவர்களைச் சீமை மாளிகையின் படத்தைப் பிரதி எடுக்கச் சொல்வதோடு நில்லாமல், வருஷத்துக்குப் பத்துத் தறிவீடுகளையாவது அளந்து வரைந்து வைக்கச் சொல்லட்டும். வீடு போனாலும் அளவு நிற்கும். அளவு நின்றால் என்றேனும் ஒருவன் மறுபடி கட்டுவான்.

கடைசி யோசனையை நான் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். உட்ஹால் படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, மருமகனை அழைத்துக்கொண்டு, இரண்டு வீடு தள்ளி இருக்கும் பெரியவரின் வீட்டுக்குப் போனேன். எழுபது வயதுக்கு மேலும் தறியில் உட்காருகிறவர் அவர். பையன் டேப்பை வைத்துக் கூடத்தை அளந்தான். ஓட்டின் சரிவைக் கணக்கிட்டான். பக்கத்து வீட்டில் புதிதாக எழுந்த மாடியைக் காட்டி, "தாத்தா, நீங்களும் இடிச்சுட்டு மாடியா கட்டலாமே, தறியை மேலே போட்டுக்கலாம்" என்று வெள்ளையாகக் கேட்டான். பெரியவர் நாடாவை நிறுத்தாமலே சிரித்தார். "மாடியில குழி எங்கேப்பா தோண்டறது? கீழ வீட்டுக்காரன் தலையில காலை வைக்கவா?" என்றார்.

அன்று இரவு வெகுநேரம் விழித்திருந்து, அந்த வீட்டைக் குறுக்காக வெட்டினால் எப்படித் தோன்றும் என்பதைக் காட்டும் படத்தைப் பையன் வரைந்துகொண்டிருந்தான். கூரை, கண்ணாடி ஓடு, சுவர், தறி எல்லாம் சரியாக வந்துவிட்டன. தரையைக் குறிக்கும் தடித்த கோட்டைக் காகிதத்தின் அடிவிளிம்பிலேயே போட்டிருந்தவன், சற்று யோசித்து, முழுவதையும் அழித்தான். "ஏன்டா?" என்றேன். "குழிக்கு இடம் விட மறந்துட்டேன் மாமா, தரைக்குக் கீழேயும் வீடு இருக்கு" என்று சொல்லி, புதிய தாளொன்றை எடுத்து, தரைக் கோட்டை ஒரு ஜாண் மேலே தூக்கிப் போட்டு, மறுபடி தொடங்கினான்.